கட்டியவர் பாதி, துடுப்புக்காரர் பாதி



ஒலிம்பிக்கில் ஒரே ஆள் மண்டியிட்டு, ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்தும் கேனோ இரண்டு வகை. இரண்டுக்குமே சி-1 என்றுதான் பெயர். அசையாத நீரில் நேர்கோட்டில் பாயும் ஸ்பிரிண்ட் சி-1 படகு 5.2 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்று விதி இருக்கிறது. சீறிப் பாயும் நீரில், தொங்கும் கம்பங்களுக்கிடையே புகுந்து திரும்பும் ஸ்லாலம் சி-1 படகு 3.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒரு பக்கம் படகு மேலும் நீளாமல் இருக்கச் சட்டம் வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம் மேலும் குறுகாமல் இருக்கச் சட்டம் வேண்டியிருக்கிறது. இரண்டிலும் ஆள் ஒருவர்தான், துடுப்பும் ஒற்றை அலகுதான். நீர் மாறியதும் படகு தலைகீழாக மாறிவிட்டது.

நான் பேச வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் படகைப் பற்றி. கூடாரமும் சமையல் சாமானும் ஏற்றிக்கொண்டு, ஒருவர் தனியாக, ஓடும் ஆற்றில் நாட்கணக்கில் செல்லும் திறந்த கேனோ. பெரும்பாலும் 14 அடியை ஒட்டிய நீளம், இரண்டரை அடிக்குச் சற்று முன்பின்னாக அகலம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் பூர்ச்சமரப் பட்டைப் படகிலிருந்து நேராக இறங்கி வந்த வடிவம் இது.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். விற்பனைக் கையேட்டில் நீங்கள் பார்ப்பது தரையில் கிடக்கும் படகின் அளவுகள். ஆற்றுக்குத் தெரிவதோ நீருக்குள் அமிழ்ந்திருக்கும் பகுதி மட்டும். அந்தப் பகுதி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எந்த முனை ஆழம் என்பதை ஏற்றிய பாரமும், ஆள் மண்டியிடும் இடமும், அவர் படகைச் சாய்க்கும் கோணமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இருவர் செலுத்தும் படகில் இந்தச் சுதந்திரம் குறைவு. நடுவில் தனியாக இருப்பவருக்கு அது முழுமையாகக் கிடைக்கிறது. அதனால்தான் ஒற்றையாள் ஆற்றுக் கேனோவின் வடிவத்தில் பாதியைக் கட்டியவர் முடிக்கிறார், மீதியைத் துடுப்புப் போடுபவர் முடிக்கிறார் என்கிறேன்.

தனியாளின் முதல் சங்கடத்திலிருந்து தொடங்குவோம். அவருடைய துடுப்பு ஒரு பக்கம்தான் விழுகிறது. இருவர் போனால் ஒருவர் இடம், ஒருவர் வலம். ஒருவர் கொடுக்கும் திருப்பத்தை மற்றவர் ஈடுகட்டிவிடுவார். தனியாள் வலப்பக்கம் வலித்தால் படகு முன்னே போகும், கூடவே மூக்கு இடப்பக்கம் ஒதுங்கும். வலிப்பின் முடிவில் துடுப்பை வெளிப்பக்கமாகத் திருப்பி ஒரு சிறு தள்ளு கொடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும். ஜே ஸ்ட்ரோக் என்பது அதுதான். ஒவ்வொரு தள்ளும் கொஞ்சம் வேகத்தைத் தின்கிறது. ஒரு நாள் முழுக்க வலிப்பவருக்கு அந்தக் கொஞ்சம் சேர்ந்து தோள்வலியாக மாறும்.

ஒகேனக்கல் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமும் அகலமும் ஒன்று. முனை என்று ஒன்றே கிடையாது. பக்கவாட்டில் வலித்தால் சுற்றும். அதனால் பரிசல்காரர் போகும் திசையில் துடுப்பை ஊன்றித் தன்னை நோக்கி இழுக்கிறார். படகுக்கு நீளம் கொடுத்து, இரு முனைகளையும் நீருக்குள் அமிழ்த்தினால் இந்தச் சுழற்சி அடங்குகிறது. ஏன்? படகு திரும்பும்போது முனை நீரைப் பக்கவாட்டில் துடைத்துக்கொண்டு போக வேண்டும். நடுவிலிருந்து இரு மடங்கு தூரத்தில் இருக்கும் ஓர் அங்குலம் இரு மடங்கு வேகத்தில் நீரைத் தள்ளுகிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. நெம்பும் தூரமும் இரட்டிப்பு. ஆக எட்டு மடங்கு தடுப்பு. நடுப்பகுதி ஆழமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் திருப்பத்துக்குப் பெரிய வித்தியாசமில்லை. அணியம் என்று நம் மீனவர்கள் சொல்லும் முன்முனையிலும் அதற்கு எதிரான பின்முனையிலும் கடைசி இரண்டடி நீருக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதே படகின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

இங்கேதான் ராக்கர் வருகிறது. படகைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அடிக்கோடு நடுவில் தாழ்ந்து முனைகளை நோக்கி மேலே வளைந்திருக்கும். அந்த வளைவுதான் ராக்கர். ஏரிக்கும் மந்தமான ஆற்றுக்கும் செய்த படகில் அது ஓரங்குலமோ அதற்கும் குறைவோ இருக்கும். பாறை நிறைந்த விரைநீருக்கென்றே செய்த திறந்த கேனோவில் நான்கைந்து அங்குலம் இருக்கும். முனைகள் நீரை விட்டு எழுவதால் இரண்டே வலிப்பில் படகு பக்கம் திரும்பிவிடும். அலையில் மூக்கைக் குத்தாமல் ஏறும். விலையாக, அமைதியான நீரில் நேராகப் போக மறுக்கும்.

இது நவீனத் தொழிற்சாலைகள் கண்டுபிடித்தது அல்ல. லாப்ரடார் தீபகற்பத்தின் கொந்தளிக்கும் ஆறுகளில் வாழ்ந்த கிழக்கு கிரீ மக்கள், அடிக்கோடு வில்லாக வளைந்த பட்டைப் படகுகளைக் கட்டினார்கள். வளைந்த கேனோ என்றே அவற்றுக்குப் பெயர் நின்றுவிட்டது. அதே காலத்தில் மற்ற இடத்து மக்கள் அடி நேராக உள்ள படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அவர்களுடைய நீர் வேறு. எட்வின் டாப்பன் ஆட்னி என்ற மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் படகுகளை அளந்து, வரைந்து, சிறு மாதிரிகளாகச் செய்து வைப்பதில் செலவிட்டார். 1950-இல் அவர் இறந்த பிறகு, கப்பல் வரலாற்றறிஞர் ஹோவர்ட் சாப்பெல் அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த, 1964-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதை நூலாக வெளியிட்டது. அந்த மாதிரிகளில் நூற்றுக்கு மேற்பட்டவை வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் நகரின் கடலோடிகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தட்டையான மரப்பட்டையை அப்படி வளைப்பது எப்படி? உரித்த பட்டையைத் தரையில் விரித்து, மேலே கல்லை ஏற்றி, ஓரங்களைத் தூக்கி நிறுத்தினால் அது மடிந்து சுருங்கும். சுருங்கும் இடங்களில் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கீறுவார்கள். கீறலின் இரு பக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றியோ, மிஞ்சியதை நறுக்கிவிட்டோ, ஸ்புரூஸ் மரத்தின் வேர்களால் தைப்பார்கள். தையலின் மேல் அதே மரத்தின் பிசினைக் கொழுப்போடு காய்ச்சிப் பூசுவார்கள். எத்தனை கீறல், எங்கே, எவ்வளவு ஏற்றித் தைப்பது என்பதில்தான் படகின் வளைவு அடங்கியிருந்தது. வரைபடம் கிடையாது. தையல்காரர் துணியில் செய்வதை அவர்கள் ஆற்றுக்காகப் பட்டையில் செய்தார்கள். உலகின் மிகச் சிறந்த வடிவமைப்பு வேலைகளில் ஒன்று அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராக்கர் பற்றி ஓர் எச்சரிக்கை. கையேட்டில் இரண்டங்குல ராக்கர் என்று போட்டிருந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த இரண்டங்குலம் படகின் முழு நீளத்திலும் மெல்லப் பரவியிருக்கலாம்; கடைசி இரண்டடியில் திடீரென்று எழும்பியிருக்கலாம். முதல் படகு எப்போதும் திரும்பத் தயாராக இருக்கும். இரண்டாவது நேராக ஓடும், ஆனால் சாய்த்தால்தான் திரும்பும். எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பதிலும் கட்டுநர்களுக்குள் ஒரே முறை கிடையாது. சிலர் முன்முனைக்குக் கூடுதலாகவும் பின்முனைக்குக் குறைவாகவும் வளைவு வைக்கிறார்கள். மூக்கு சுலபமாகப் புதுத்திசையில் நுழையும், வால் ஓரளவு கோட்டைப் பிடித்துக்கொள்ளும். பாரத்தோடு ஆற்றில் பயணம் போகும் தனியாளுக்கு எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

அடுத்தது குறுக்குவெட்டு. முதன்முறை கேனோவில் ஏறுபவர் கேட்கும் கேள்வி, கவிழுமா என்பது. இதற்கான கணக்கை 1746-இலேயே பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் தம் கப்பல் நூலில் எழுதிவிட்டார். அதன் சாரம், நீர்மட்டத்தில் உள்ள அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தே படகின் நிமிரும் திறன் கூடுகிறது. அகலத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் அகலத்தால் வரும் அந்தத் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அப்படியானால் அகலமாகவே செய்துவிடலாமே? செய்தால் துடுப்பு உடம்பிலிருந்து தள்ளிப் போகும், ஒவ்வொரு வலிப்பும் படகைக் கூடுதலாகத் திருப்பும், தனியாளின் முதல் சங்கடம் பெரிதாகும். அதனால் கட்டுநர்கள் ஆள் மண்டியிடும் இடத்தில் மேல்விளிம்பை மட்டும் உள்நோக்கி மடிக்கிறார்கள். நீர்மட்டத்தில் அகலம் இருக்கும், கைக்கு எட்டும் இடத்தில் இருக்காது.

தட்டையான அடி அசையாத நீரில் தரைபோல் நிற்கும். புதியவர் அதைத்தான் விரும்புவார். ஆனால் தட்டை அடி நீர்ப்பரப்போடு ஒட்டிக்கொள்வது. நீர் சரிந்தால் அதுவும் சரியும். ஆற்றில் நீர்ப்பரப்பு சமமாக இருப்பது அபூர்வம். இலேசான வில்வளைவுள்ள அடி ஏறும்போது ஆடும். அலை பக்கவாட்டில் வந்தாலோ, அலை கீழே நழுவிப் போகும். ஆள் நிமிர்ந்தே இருப்பார். மண்டியிட்டு உடம்பின் எடையைத் தாழ்த்திக்கொண்டால் அந்த ஆட்டமும் குறையும். நாற்காலியில் அமர்வதுபோல் உட்கார்ந்து பழகியவர்கள் மண்டியிட்டுப் பார்த்தால், அதே படகு வேறு படகாகத் தெரியும்.

இவை எல்லாம் ஒரே கணத்தில் சோதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. ஆற்றின் நடுவே பெரிய பாறை. அதன் இருபுறமும் நீர் கீழே விரைகிறது. பாறைக்குப் பின்னாலோ நீர் திரும்பி மேல்நோக்கி ஓடுகிறது. அதை எடி என்பார்கள். இரண்டுக்கும் இடையே, எதிரெதிராக ஓடும் நீர்கள் உரசும் கோடு. கீழே விரைந்து வரும் துடுப்புக்காரர் அந்தக் கோட்டைச் சாய்வாக வெட்டி உள்ளே நுழைகிறார். அணியம் எடிக்குள் போனதும் அதை மேல்நோக்கி ஓடும் நீர் பிடிக்கிறது. பின்முனையை இன்னும் கீழ்நோக்கி ஓடும் நீர் இழுக்கிறது. படகு ஒரு நொடியில் பாதி வட்டம் சுழன்று, மூக்கு மேல்நோக்கி நிற்கும். அந்த நொடியில் அவர் திரும்பும் பக்கமாகப் படகைச் சாய்த்திருக்க வேண்டும். சாய்க்காவிட்டால் புதிய நீர் வெளிப்பக்க விளிம்பின் அடியைப் பற்றி இழுத்துக் கவிழ்த்துவிடும்.

அந்தச் சாய்வில் பக்கச்சுவரின் வடிவம் பேசத் தொடங்குகிறது. அடியும் பக்கமும் கூர்மையான மூலையாகச் சேர்ந்திருந்தால் நீருக்கு அது ஒரு பிடி. பழகியவர் அந்த மூலையை ஊன்றித் திரும்புவார். பழகாதவரை அதே மூலை கவிழ்க்கும். உருண்ட மூலை மன்னிக்கும். பக்கம் மேலே வெளிநோக்கி விரிந்திருந்தால் சாயச் சாயப் புதிய அகலம் நீருக்குள் வந்து தாங்கும். உள்நோக்கி மடிந்த பக்கம் ஓர் எல்லை வரை தாங்கிவிட்டு, பிறகு சட்டென்று கைவிடும். கைக்கு வசதி செய்த அதே மடிப்பு இங்கே கடன் கேட்கிறது.

சாய்ப்பது என்றவுடன் கனடியத் திரைப்படக் கலைஞர் பில் மேசனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1929-இல் பிறந்து 1988-இல் மறைந்தவர். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக அவர் எடுத்த துடுப்புப் பயிற்சிப் படங்கள் 1977-இல் வந்தன. அவற்றில் தனியாளுக்கென்றே அமைதியான நீருக்கு ஒன்று, விரைநீருக்கு ஒன்று. அவர் நேசித்தது சிவப்பு நிற 16 அடி ப்ராஸ்பெக்டர் கேனோ. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் ஃபிரெடரிக்டனில் செஸ்ட்நட் நிறுவனம் செடார் மரச் சட்டத்தின் மேல் கித்தான் போர்த்திக் கட்டிய படகு அது. அகலம் 36 அங்குலம். கனிமம் தேடிப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு இருவராகச் செல்லக் கட்டியது. கணக்குப்படி பார்த்தால் தனியாளுக்குப் பொருந்தவே கூடாத அளவு.

மேசன் அதில் நட்டநடுவில் உட்காரவில்லை. நடுவுக்கு அருகில், ஒரு பக்கத்து வளைவில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, மேல்விளிம்பு நீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்வரை சாய்ப்பார். சாய்ந்ததும் மூன்று காரியம் நடக்கிறது. நீர்மட்ட அகலம் வெகுவாகக் குறைகிறது. ராக்கர் உள்ள படகாகையால் இரு முனைகளும் நீரை விட்டு மேலே எழுகின்றன, 16 அடிப் படகு நீருக்குள் சின்னப் படகாகிறது. துடுப்பு ஏறக்குறைய செங்குத்தாக, உடம்பை ஒட்டி விழுகிறது. அவர் ஒரு கையால் படகைச் சுழற்றுவதைப் பார்த்தால் அது இருவர் படகு என்றே தோன்றாது. நிமிர்த்தினால் மறுபடியும் பாரம் சுமக்கும் பெரிய படகு. ஒரே மரத்தில் கட்டுநர் இரண்டு வடிவங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேண்டிய நேரத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்வது மண்டியிட்டிருப்பவர் வேலை. காற்று வீசும் அகன்ற நீரில் மட்டும் இது எடுபடாது. எழுந்து நிற்கும் முனைகளைக் காற்று பிடித்துத் தள்ளும்.

இதே விஷயத்தை எல்லை வரை கொண்டுபோனவர்கள் அமெரிக்க ஸ்லாலம் வீரர்கள். 1979-இல் கியூபெக்கின் ஜோன்கியேர் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் சி-1 பிரிவின் மூன்று பதக்கங்களையும் அவர்களே அள்ளினார்கள். முதலிடம் ஜான் லக்பில், அடுத்து டேவிட் ஹெர்ன், மூன்றாவது பாப் ராபிசன். லக்பில்லும் ஹெர்னும் தங்கள் படகுகளைத் தாங்களே வடிவமைத்தவர்கள். அதுவரை ஸ்லாலம் சி-1 மேல்தளம் உயர்ந்து, முனைகளில் பருமனாக இருந்தது. மிதப்புதான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தார்கள். இவர்கள் முனைகளைத் தட்டையாக்கி, உள்ளிருக்கும் காற்றைக் குறைத்தார்கள். தொங்கும் கம்பத்தைத் தொட்டால் தண்டம். தாழ்ந்த முனையோ கம்பத்தின் கீழாகவே வழுக்கிப் போய்விடும். அதைவிட முக்கியமான லாபம் இன்னொன்று. ஆள் பின்னால் சாய்ந்து வலித்தால் மெல்லிய பின்முனை நீருக்குள் மூழ்கும், அணியம் வானம் பார்க்கும். நான்கு மீட்டர்ப் படகு தன் வாலை அச்சாக வைத்து ஒரே சுற்றில் திரும்பிவிடும். படகை மூழ்கடிப்பதே அங்கே வடிவமைப்பு. லக்பில் அடுத்த பத்தாண்டில் மேலும் நான்கு முறை தனிநபர் உலகப் பட்டம் வென்றார்.

இப்போது வேகம். நீளமான படகு வேகமானது என்பது பாதி உண்மை. படகு தான் எழுப்பும் அலையோடு எப்படி மல்லுக்கட்டுகிறது என்பதை, வில்லியம் ஃப்ரூட் 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் அமைத்த சோதனைத் தொட்டியில் மாதிரிப் படகுகளை இழுத்து ஆராய்ந்தார். அந்த வழியில் வந்த கணக்குப்படி, நீர்மட்டத்தில் 14 அடி நீளமுள்ள படகு மணிக்கு 9 கிலோமீட்டரை ஒட்டி அலைச்சுவரில் முட்டும். ஆனால் மூட்டையோடு போகும் தனியாள் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டரில்தான் வலிக்கிறார். அந்த வேகத்தில் தடையின் பெரும்பங்கு அலையால் வருவதில்லை. நனைந்த தோலின் உராய்வால் வருகிறது. கூடுதல் நீளம் கூடுதல் தோல். 17 அடிப் படகு பந்தயத்தில் ஜெயிக்கும்; மாலை வரை வலிக்கும் ஒற்றை உடம்புக்கு அது சுமை.

ஆற்றில் இன்னொரு தடை காத்திருக்கிறது. ஆழம் குறைந்த நீரில் அலை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓட முடியாது. ஓர் அடி ஆழத்தில் அந்த எல்லை மணிக்கு 6.2 கிலோமீட்டர், அரையடியில் 4.4. படகு அந்த வேகத்தை நெருங்கும்போது பின்முனை அமுங்கும், எவ்வளவு வலித்தாலும் படகைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து வைத்ததுபோல் இருக்கும். கோடைக்கால ஆற்றில் மணல்திட்டின் மேல் பலரும் இதைத் தங்கள் களைப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். களைப்பு இல்லை, ஆழம். கொஞ்சம் தள்ளி ஆழமான நீரோட்டத்தைத் தேடுவதே வழி.

கட்டும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானம் கட்டிய கிரம்மன் நிறுவனம் அலுமினியத்தில் கேனோ செய்தது. உறுதியானது, ஆனால் பாறையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வந்த ராயலெக்ஸ் என்ற அடுக்குப் பிளாஸ்டிக் பாறைமேல் வழுக்கும், மடிந்தாலும் மீளும். ஆற்றுக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதில் கூரான அணியம் மட்டும் செய்ய முடியாது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. கெவ்லார் இழையில் கத்திபோல் மூக்கு வைக்கலாம். பாறைக்கு அது அஞ்சும்.

கடைசியாகப் பாரம். 1883-இல் நியூயார்க் மாநிலத்தின் கேன்டன் ஊரில் ஹென்றி ரஷ்டன், நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸுக்காக ஒரு கேனோ கட்டினார். நீளம் ஒன்பது அடி, எடை பத்தரை பவுண்டு, அதாவது ஐந்து கிலோகூட இல்லை. சியர்ஸ் சிறிய, நலிந்த உடம்புக்காரர். படகைத் தலையில் சுமந்தே ஏரிக்கு ஏரி நடக்க வேண்டும். அந்த மனிதரின் எடைதான் அந்தப் படகின் முதல் அளவு. நம்மைப் போன்ற பெரிய உடம்புக்காரர் ஏறினால் அது வேறு படகாகிவிடும்.

நம் 14 அடிப் படகுக்கும் இதே கதைதான். நீர்மட்டத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர். எனவே 18 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும். ஒரு வாரச் சாமானாக 36 கிலோ ஏற்றினால் இரண்டு சென்டிமீட்டர். வெறும் படகில் நீருக்கு மேலே தூக்கியிருந்த முனைகள் இப்போது நீரைத் தொடுகின்றன, ராக்கரில் ஒரு பகுதி காணாமல் போகிறது. முந்தைய நாள் துள்ளித் திரும்பிய படகு இன்று நேராகப் போகிறது. அதனால் படகை வாங்குமுன், உங்கள் மூட்டைகளையே ஏற்றி, ஓடும் நீரில் வலித்துப் பாருங்கள். கரையில் நண்பர் ஒருவர் நின்று முனைகள் எங்கே நீரைத் தொடுகின்றன என்று பார்க்கட்டும்.

ஓட்டத்தை எதிர்நோக்கி மூக்கைச் சற்றுச் சாய்வாக வைத்து, அடித்துச் செல்லப்படாமல் அக்கரை சேர்வது ஆற்றுக்காரரின் அடிப்படை வித்தை. அப்போது மேல்நீரைப் பார்க்கும் முனை இலேசாக இருக்க வேண்டும். கனத்தால் ஓட்டம் அதைப் பிடித்துத் திருப்பிவிடும். மூட்டையை அவிழ்த்து மாற்ற நேரமிருக்காது. 70 கிலோ எடையுள்ளவர் மண்டியிட்ட இடத்திலிருந்து ஒரு சாண் பின்னால் நகர்ந்தால், இந்த அளவுப் படகில் அணியம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரும், பின்முனை அவ்வளவே தாழும். கடையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மாடல்களுக்கு ராக்கரில் உள்ள வித்தியாசமும் பல நேரம் அந்த அளவுதான்.